டிரம்ஸுக்கு முன்னால் போட்ட நாற்காலிகள்

1

குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ஜன்னல்களில் உள்பக்கமாகத் தண்ணீர் வழியும். அயர்லாந்தில் பல வீடுகளிலும் வழியும். அதைத் துடைக்க என் மனைவி செல்வி இன்று காலை ஒரு சால்வையை எடுத்தாள். ரோஸ் நிறம், ஓரத்தில் தங்கக் கரை. காரைக்குடியில் என் தோளில் போட்ட பொன்னாடை. நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

"என்ன துணி இது, ஈரத்தக்கூட இழுக்க மாட்டேங்குது. எதுக்குத்தான் ஆகும்?"

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், செல்பேசியிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் அது என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கப் போனவன், உரித்துக்கொண்டே கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தேன். ஒரு சின்ன ஊரில் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இதில் பிழை இருந்தால் செல்பேசியைத் திட்டுங்கள். கோபம் இருந்தால் அது என்னுடையது. அதில் திருத்தம் செய்ய வேண்டாம்.

2

முதலில் இங்கே பாட்டுக் கச்சேரி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

எங்கள் கடைக்கு எதிரே ஒரு மதுக்கடை. வெள்ளிக்கிழமை அங்கே ராக் பாண்டு வாசிப்பார்கள். எங்களிடம் பாத்திரம் கழுவும் ஷான் என்கிற பையன் அதில் கிட்டார் வாசிக்கிறான். முதல் தடவை என்னைக் கூப்பிட்டபோது ஒன்பது மணி என்றான். ஒன்பது என்றால் பத்தரை என்று நானாக மொழிபெயர்த்துக்கொண்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் நேரத்துக்குப் போனேன். ஷான் வந்தான், வயரைச் சொருகினான், "ஹலோ" என்றான், வாசிக்க ஆரம்பித்துவிட்டான். குத்துவிளக்கு இல்லை. வரவேற்புரை இல்லை. யார் தலைமை என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் நன்றியுரையும் நாட்டுப்பண்ணும் வரும் என்று நான் ஒருவன் மட்டும் எழுந்து விறைப்பாக நின்றேன். இன்னொரு கிளாஸ் கேட்கிறான் போலிருக்கிறது என்று கடைக்காரர் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசும் வாங்கிக்கொண்டார்.

இந்த நாட்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு, இல்லாமல் இல்லை. படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது? அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து இங்கே நான் மிஸ்டர் கருப்பையா. அனுமதி அட்டை புதுப்பிக்கிற கவுண்டரில் "கருப்பையா" என்று கூப்பிட்டதும், செத்துப்போன மனுசன் இங்கே எப்படி வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று சொன்னதை நம்பி, குடும்பத்தோடு ஒரு தூக்கு நிறையக் கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். அவர் குளியல் துண்டோடு கதவைத் திறந்தார். அது சும்மா சொல்வதாம். அதற்கும் ஒரு அறிவிப்புப் பலகை வைத்திருக்கலாம்.

என் மகள் காவ்யா இரண்டு வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினாலு. காதில் எந்நேரமும் ஹெட்போன், அறைக் கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் அடிக்கடி கோபப்படுத்துவேன்.

போன வருடம் நான் மட்டும் லீவில் ஊருக்குக் கிளம்பும்போது கேட்டாள்: "அப்பா, உங்க ஊர்ல ராக் பாண்டெல்லாம் இருக்கா?"

உங்க ஊர். அந்த வார்த்தை பெட்டியை விடக் கனமாக இருந்தது. "ஏன் இல்ல? காதர் மாமா மகளே ஒரு பாண்டு வச்சிருக்கு. நீ பாக்கத்தான போற. வீடியோ எடுத்து அனுப்புறேன்" என்று மீசையை முறுக்கிவிட்டு விமானம் ஏறினேன்.

3

காதர், பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம். அவன் மைக் செட் வைத்திருக்கிறான். கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று காரைக்குடியைச் சுற்றி எங்கே சத்தம் கேட்டாலும் அதில் பாதி அவனுடையதாக இருக்கும். அவன் மகள் ரிஸ்வானா ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. நடக்கப் பழகும் முன்னால் பெட்டியைத் தட்டப் பழகியது. இப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறது. சம்பளத்தைச் சேர்த்து, தேவகோட்டையில் யாரோ கழித்துக் கட்டிய டிரம்ஸை வாங்கி, மூன்று பையன்களோடு சேர்ந்து பாண்டு ஆரம்பித்திருந்தது. பாண்டின் பெயர் உப்புக்கண்டம். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு.

மதுரை, திருச்சி என்று கல்லூரிகளில் வாசித்துவிட்டார்கள். சொந்த ஊரில் ஒரு மேடை கிடைக்கவில்லை. நான் போன சமயத்தில் கிட்டார் வாசிக்கிற பிரபுவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ரயில். அதற்கு முன் சனிக்கிழமை சாயங்காலம் காரைக்குடியில் ஒரு கச்சேரி. அதை விட்டால் மறுபடி எப்போது நாலு பேரும் சேர்வார்களோ தெரியாது.

ஏற்பாடு எங்கள் மூன்றாவது கூட்டாளி மெய்யப்பன். பெரிய வீட்டுப் பிள்ளை. வீட்டை இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்க விட்டிருக்கிறான், ஊரில் ஒரு கலை மன்றமும் நடத்துகிறான். கோவிலூர் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகை இல்லாமல் பேசி வாங்கிவிட்டான். ஒரே நிபந்தனை, எட்டு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் காலை முகூர்த்தம், பெண் வீட்டார் வந்துவிடுவார்கள்.

ஐந்து மணிக்குக் கச்சேரி, ஐந்து பாட்டு. எட்டு மணிக்குள் ஐந்து பாட்டு பாட முடியாதா? எட்டாம் வகுப்பு தாண்டாத எனக்கே கணக்கு சரியாகத்தான் வந்தது.

நான் போனபோது ரிஸ்வானா டிரம்ஸை மாட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா. காவ்யாகிட்ட சொன்னீகளா?"

"சொல்லிட்டேன்மா. வீடியோ வரலேன்னா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அஞ்சாவது பாட்ட மட்டும் விட்றாதீக. பிரபு எழுதுனது. அத இன்னும் எங்கயுமே வாசிக்கல. இங்க வாசிக்கணும்னு வச்சிருக்கோம்."

அப்போது மெய்யப்பன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். பின்னால் நாலு பேர் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலிகளைத் தூக்கி வந்தார்கள்.

"மேடையில ஒன்பது நாற்காலி வேணும். இங்குட்டு இடிக்குதே. அம்மாடி, இந்தச் சாமான அங்குட்டுக் கொஞ்சம் தள்ளிக்கிறியா?"

"மாமா, அது டிரம்ஸு."

"தெரியுதும்மா. தள்ளி வச்சு அடிச்சாலும் அதே சத்தந்தான வரும்?"

தள்ளினார்கள். டிரம்ஸ் பின் சுவரை ஒட்டிப் போனது. அதற்கு முன்னால் ஒன்பது நாற்காலி, அதற்கு முன்னால் நீள மேசை, மேசை மேல் தண்ணீர் பாட்டில். ராக் கச்சேரிக்குப் போட்ட மேடை, கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழு மாதிரி ஆகிவிட்டது.

"எதுக்குடா ஒன்பது பேரு?" என்று கேட்டேன்.

"நீ அயர்லாந்துல இருந்துகிட்டு சுலபமாக் கேட்டுருவ. மண்டபம் குடுத்தவுகள மேடையேத்த வேணாமா? ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுத்தவுக, காபி குடுத்தவுக... கூப்பிடாம விட்டா அடுத்த தடவ எவன்டா குடுப்பான்?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கோபம் வருகிற இடத்தில் நியாயமும் இருந்தால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் தெரியுமா?

4

ஐந்து மணிக் கச்சேரிக்கு முதல் விருந்தினர் வந்தது ஆறு மணிக்கு. மண்டபம் நிறைய இளவட்டங்கள், அரியக்குடியிலிருந்தெல்லாம் பைக்கில் வந்திருந்தார்கள். நாங்கள், அதாவது நானும் காதரும், ஓரத்தில் அவனுடைய மிக்ஸர் போர்டு பக்கத்தில் உட்கார்ந்தோம். செல்பேசியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

குத்துவிளக்கில் காற்றாடிக் காற்றுக்குத் திரி நிற்கவில்லை. காற்றாடியை நிறுத்திவிட்டு ஏற்றினார்கள். பிறகு பொன்னாடை. ஒருவருக்குப் போர்த்தினால் புகைப்படக்காரர் "சார், இன்னொரு தடவ" என்பார். போர்த்தியதைக் கழற்றி மறுபடி போர்த்துவார்கள். பிறகு பேச்சு.

இதைக் கேளுங்கள். பேச வருகிற ஒவ்வொருவரும் மேடையில் இருக்கிற மற்ற எட்டுப் பேரையும் பெயர், பட்டம், வகிக்கும் பதவி சொல்லி வணங்குகிறார். எட்டுப் பேரும் தனித்தனியாகக் கும்பிடுகிறார்கள். அடுத்தவர் வந்து அதே எட்டை மறுபடி வரிசை மாற்றி வணங்குகிறார். இவர்கள் ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக்கொண்டு முடிவதற்குள் சம்பந்தமே பேசி முடித்திருக்கலாம். எல்லோரும் தவறாமல் சொன்னது, "பாட்டுக் கேட்க ஆவலாக இருப்பீர்கள், எனவே சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்." சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

ஒருவர் தன் நகைக்கடையின் மாதச் சீட்டைப் பற்றிப் பேசினார். ஒருவர் இந்த மாதிரிச் சங்கீதத்தால் பண்பாடு கெடுகிறது என்று, அதை வாசிக்க வந்த பிள்ளைகளுக்கு முன்னாலேயே, அவர்களுடைய மைக்கிலேயே பேசினார். பேசி முடித்தவர்கள் யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? "அடுத்த நிகழ்ச்சி இருக்கு" என்று பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். போனவரின் நாற்காலி காலியானதும் மெய்யப்பன் கீழே இருந்து வேறு ஒருவரைக் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தான். காலி நாற்காலி கண்ணை உறுத்துமாம்.

இவ்வளவு நேரமும் ரிஸ்வானா பின்னால் டிரம்ஸ் முன் உட்கார்ந்தே இருந்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது பிடரி. இடுக்கு வழியாக எனக்கு அதன் முகம் தெரிந்தது. குச்சி இரண்டையும் மடியில் வைத்து, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்திருந்தது. ஏழு மணி தாண்டிவிட்டது.

"காதரு, மைக்க அமுக்குடா" என்றேன்.

"சும்மா இரு."

"ஒயரு லூசாயிருச்சுன்னு சொல்லு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல. எங்க அத்தா காலத்துலருந்து பேசுறவுக மைக்க நாங்க அமுக்குனதே இல்ல. எதுர்க்கட்சிய வையிறவனா இருந்தாலும், குடிச்சுட்டு ஏறுனவனா இருந்தாலும், அவுகளா எறங்குற வரைக்கும் மைக்கு பேசும். ஒரு தடவ அமுக்குனேன்னு பேரு வந்துச்சு, அப்புறம் எவன் நம்பிக் கூப்புடுவான்?"

"ஒன் மக அங்க ஒக்காந்திருக்குடா."

"எனக்குக் கண்ணு இல்லயா?" என்றான். விரல் போர்டின் மேல் இருந்தது. ஆனால் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மெய்யப்பன் மைக்கில் அறிவித்தான். "நமது மண்ணின் மைந்தர், அயல்நாட்டில் நம் சமையல் கலையின் கொடியை நாட்டி வரும் தொழிலதிபர், திரு ராசு அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

தொழிலதிபர்! என் தொழிலில் அதிர்வது சட்டி மட்டும்தான். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே நான் எழுந்துவிட்டேன். வாய் வேண்டாம் என்றது, கால் படியேறியது, கழுத்து தானாக நீண்டது. பொன்னாடை விழுந்தது. புகைப்படக்காரர் இன்னொரு தடவை என்றார், நானும் இன்னொரு தடவை நீட்டினேன். கையில் மைக்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களைக் கண்டிக்கத்தான் வாயைத் திறந்தேன். "இங்க பேசுனவுக எல்லாரும் சுருக்கமாப் பேசுனாக. நாளைக்குக் கல்யாணத்துக்கு வாரவுக அட்சதைய நம்ம தலையில போட்டுட்டுப் போகட்டும்" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. எனக்கு அப்படியே உச்சியில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. அயர்லாந்தில் ஒரு ஹலோவோடு கச்சேரி ஆரம்பிப்பதைச் சொன்னேன். கை தட்டினார்கள். நாட்டுப்பண்ணுக்கு நான் எழுந்து நின்றதைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். குளியல் துண்டுக்காரரைச் சொன்னேன். கருப்பையாவைச் சொன்னேன். அடுத்து இன்னொன்று நினைவுக்கு வந்தது, "இன்னொரு கூத்தக் கேளுங்க" என்று ஆரம்பித்தேன்.

மைக் செத்துவிட்டது.

தட்டினேன். "ஹலோ, ஹலோ" என்றேன். கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காதரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, பின்னால் இருந்த தன் மகளைப் பார்த்து ஒரே ஒரு தரம் தலையை அசைத்தான்.

என் முதுகுக்குப் பின்னால் குச்சியும் குச்சியும் நாலு தரம் மோதின. அதற்கு அப்புறம் எனக்கு எதுவும் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய சத்தம். மீதியிருந்த விருந்தினர்கள் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்கு வழிவிட்டுப் பின்னால் ஒதுங்கிய நான் நாற்காலிகளுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொண்டேன். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. ரோஸ் பொன்னாடையோடு பாட்டு முழுக்க அங்கேயே நின்றேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிற தெருவைப் பற்றிய பாட்டு. இளவட்டம் எல்லாம் எழுந்து நின்று குதித்தது. ரிஸ்வானா அடித்த அடியில் ஒரு சிவப்பு நாற்காலி தானாக நகர்ந்து மேடையிலிருந்து கீழே விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு பாட்டு முழுதாக வாசித்தார்கள். மூன்றாவது பாதியில் இருக்கும்போது சமையல்காரர்கள் வாழையிலைக் கட்டோடு உள்ளே வந்தார்கள், பின்னாலேயே பெண் வீட்டார். மண்டப மேலாளர் நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கிட்டார் அடங்கிவிட்டது, பாடினவன் வாய் மட்டும் அசைந்தது. ரிஸ்வானா அந்த இருட்டிலேயே மிச்சப் பாட்டையும் தனியாக அடித்து முடித்துவிட்டுத்தான் குச்சியைக் கீழே வைத்தது.

ஐந்தாவது பாட்டைக் காரைக்குடி கேட்கவில்லை.

5

வேனில் பெட்டி ஏற்றும்போது காதரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, அத்தன பேரு பேசுனாக. ஒங்க அத்தா காலத்துலருந்து அமுக்காத மைக்கு. ஒனக்கு என் மைக்குதான் கெடச்சுச்சா?"

"ஒன் மைக்கத்தான்டா என்னால அமுக்க முடியும்."

"அவ்வளவு எளக்காரமா நான்?"

"ஆமா. மண்டபத்துக்காரர அமுக்கிட்டு நாளைக்கு அவரு மண்டபத்துல பெட்டி எறக்க முடியுமா? நகைக்கடைக்காரரு அடுத்த கடை தொறக்குறப்ப யாரக் கூப்புடுவாரு? நீ செவ்வாக்கெழம பிளேன் ஏறிருவ. ஒன்னால எனக்கு என்னடா கெட்டுப்போகும்?"

கையில் இருந்த பெட்டியை வேனில் ஏற்றினேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ரிஸ்வானா நிமிர்ந்து பார்த்தது. கோபமே இல்லாமல்தான் சொன்னது.

"நல்லாத்தான் பேசுனீக மாமா. எனக்கே சிரிப்பு வந்துச்சு. நீங்க பேசுன நேரத்துல பிரபு பாட்டே முடிஞ்சிருக்கும்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பேன்.

விமானத்தில் வரும் வழியெல்லாம் பொருமினேன். நகைக்கடைக்காரர் மேல், பண்பாட்டுக்காரர் மேல், மெய்யப்பன் மேல், காதர் மேல். அவ்வளவு பேரையும் திட்டி முடித்த பிறகு, பக்கத்து இருக்கையில் யாரும் பேச்சுக் கொடுக்காததால், என்னையும் திட்டினேன். இங்கே பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் என்னை ஒரு மேடைக்கும் கூப்பிட்டதில்லை. சமையலறையில் நான் சொல்கிற வேடிக்கையைப் புரிந்துகொண்டு சிரிக்க ஆளில்லை. ஷான் சிரிப்பான், ஆனால் நான் சிரித்து முடித்த பிறகு, மரியாதைக்குச் சிரிப்பான். ஊரில் ஒரு மண்டபமே நம் பேச்சில், நம் தமிழில் சிரித்தபோது அந்த மைக்கை விட மனசு வரவில்லை. இதைச் சொல்வதால் என் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பசியில் திருடினவனுக்கும் திருட்டுப் பட்டம் உண்டுதானே. மற்ற ஒன்பது பேருக்கு அந்தப் பசியும் இல்லை. தினமும் ஒரு மேடை ஏறுகிறவர்கள். அவர்களுக்கு என்ன கேடு?

காவ்யாவுக்கு வீடியோ எடுத்து வரவில்லை. ஆனால் யாரோ ஒரு பையன் எடுத்ததை ரிஸ்வானா அனுப்பியிருந்தது. ஒருநாள் அறைக் கதவு தானாகத் திறந்தது. காவ்யா செல்பேசியோடு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த அக்கா எவ்வளவு நல்லா அடிக்கிறாங்க! ஆனா டிரம்ஸ மறைச்சுக்கிட்டு நிக்குதே ஒரு ரோஸ் துணி, யாருப்பா அந்த லூசு?"

முழுக்க முழுக்கத் தமிழ். அவ்வளவு கோபம். நான் யாரோ ஒரு தொழிலதிபர் என்றேன்.

இன்று காலை செல்வி ஜன்னல் துடைத்து முடித்ததும் காதரைக் கூப்பிட்டேன். பிரபுவுக்குத் தீபாவளிக்கு லீவாம். நாலு பேரும் சேர்கிறார்கள். அதே மண்டபம், இப்போதே மெய்யப்பன் பேசி வைத்துவிட்டானாம்.

"நாற்காலி எத்தனையாம்?"

"பன்னெண்டு" என்றான் காதர். "அதுக்குத்தான்டா சொல்றேன். நீ லீவு போட்டுட்டு வா. இந்தத் தடவ நீ மேடைக்குப் போகாத. என் பக்கத்துல போர்டுல ஒக்காரு. எந்தச் சுவிட்சு யாரு மைக்குன்னு எழுதி ஒட்டி வைக்கிறேன். ஆளுக்கு ரெண்டு வணக்கம், அதோட அமுக்கிரு. கேட்டா, வெளிநாட்டுக்காரன், தெரியாமக் கைய வச்சுட்டான்னு சொல்லிக்கிறேன்."

"எல்லாரும் என்னயத் திட்டுவாகடா."

"திட்டட்டுமே. நீதான் பிளேன் ஏறிருவல்ல?"

மதியம் முதலாளியிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். ஊரில் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்றேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. டிக்கெட் போட்டாகிவிட்டது.